மூன்று பேர் பார்த்த அடுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் புதிதாக வாங்கிய, கதவு வைத்த மின்சார அடுப்பில் உருளைக்கிழங்கைச் சீவி அடுக்கி, பாலும் வெண்ணெயும் ஊற்றி எதையோ வேகவைத்தாள். டிவியில் பார்த்ததாம். பேர் சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முதலில் வெண்ணெய் வாசனை வந்தது. அதற்கு நான் அசையவில்லை. பிறகு பால் சுண்டி, பாத்திரத்தின் ஓரத்தில் பிடித்துக் கருகுகிற வாசனை வந்தது பாருங்கள், கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். கை தானாகப் போய் அடுப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

"அய்யோ அத்தை, தொறக்காதீங்க! சூடெல்லாம் வெளிய போயிடும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகளுக்கு முகம் சுருங்கிப் போனது, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். விளக்கம் சொல்லப் போனால் அவளுடைய கிழங்கு கரியாகிவிடும் என்று பேசாமல் வந்து உட்கார்ந்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்கள் அடுப்பில் ஒன்றும் இல்லையென்றால் கேளுங்கள்.

கல்யாணமாகிக் குரும்பகரத்திலிருந்து காரைக்காலுக்கு நான் வந்தபோது எனக்கு முதலில் பிடிபட்டது ஊரல்ல, வாசனைகள்தான். எங்கள் கிராமத்தில் வைக்கோல், சாணம், நடவு காலத்தில் சேறு, அவ்வளவுதான். இங்கே காலையில் ஒரு பக்கமிருந்து ரொட்டி வாசனை வரும், காற்று மாறினால் கடற்கரையிலிருந்து கருவாடு வரும். இரண்டுக்கும் நடுவில் சுத்த சைவமாக எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் மேரியில் குமாஸ்தா. நகராட்சி ஆபீசை அப்போது எல்லோரும் மேரி என்றுதான் சொல்வோம், பிரெஞ்சுக்காரன் வைத்த பேர். நான் சொல்லுகிற கதை நடந்த வருஷம்தான் அங்கே கொடி மாறியது. மூன்று நிறக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றினார்கள். ஊரெல்லாம் மிட்டாய். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்: "கொடிதான் மாறிச்சு. ஃபைலு அதே எடத்துலதான் கெடக்கு."

எங்கள் வீட்டுக்கு இடது பக்கம் ரோசலி அக்கா. வலது பக்கம் ஜுபைதா லாத்தா. லாத்தா என்றால் அக்காதான், அந்தத் தெரு முஸ்லிம் வீடுகளில் அப்படிக் கூப்பிடுவார்கள், நானும் பழகிக்கொண்டேன். மூன்று வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இரண்டு சுவர்கள், சுவருக்கு ஒன்றாகச் சின்னக் கதவு, தலை குனிந்தால்தான் நுழையலாம். நான் வந்த புதிதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது நெற்றியில் இடித்துக்கொள்வேன். "தலைய உள்ளுக்குக் குடுத்துட்டு அப்புறம் ஆள அனுப்பும்மா" என்பார் லாத்தா. எதையும் நேராகச் சொல்ல மாட்டார். மழை பிடித்துக்கொண்டால் "வானத்துல யாரோ குழாய மூட மறந்துட்டாங்க" என்பார். அவர் புருஷன் சைகோனில் துணி வியாபாரம். வருஷத்தில் முக்கால்வாசி கடலுக்கு அந்தப் பக்கம். அவர் அனுப்பிய எனாமல் பாத்திரங்கள், குடைகள், பூப்போட்ட பட்டுத் துண்டுகள் எல்லாம் லாத்தா வீட்டு அலமாரியில் அவருக்காகக் காத்துக்கிடக்கும்.

லாத்தாவிடம் ஒரு வழக்கம். வீட்டில் வெளி ஆண்பிள்ளை இருந்தால் முகம் மட்டுமல்ல, குரலும் வெளியே வராது. கதவுக்குப் பின்னாலிருந்து பலகையைத் தட்டியே பதில் சொல்வார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. என் வீட்டுக்காரரோடு அப்படித்தான் தட்டித் தட்டியே பேசினார். "உங்க லாத்தா தந்தி ஆபீசுல வேலைக்குப் போயிருக்கணும்" என்பார் இவர்.

ரோசலி அக்காவின் புருஷன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயை அப்படித்தான் சொல்வோம். அவரும் சைகோன் பக்கம்தான் போனார், ஆனால் சண்டைக்குப் போனார், திரும்பவில்லை. அக்கா தையல் மெஷினை முன்னறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கான்வென்ட் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்து, தெரேஸ் என்ற தன் ஒரே பெண்ணை வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எப்போதும் மெஷின் எண்ணெய் வாசனையும் கிராம்பு வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் கிராம்பைக் கடித்தால் எனக்கு நாக்கில் மெஷின் எண்ணெய் தட்டுகிறது. சொன்னால் வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அந்த வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில்தான் அந்தப் பெட்டி இருந்தது. ஊரை விட்டுப் போன ஏதோ ஒரு துரை வீட்டிலிருந்து அக்காவின் புருஷன் வாங்கிப் போட்டது. ஆள் இடுப்பு உயர இரும்புப் பெட்டி, முன்னால் கதவு, உள்ளே மூன்று தட்டு. அடியில் தணல் போடக் குழி. தலைமேல் விளிம்பு வைத்த தகடு, அதிலும் தணல் போடலாம். கேக்கு, ரொட்டி, கோழி எல்லாம் அதில்தான் வேகும். அக்கா அதை ஃபூர் என்பாள். லாத்தாவுக்கு அது "இரும்பு ஆனை".

எங்கள் தெருவுக்கே அந்த ஒரு பெட்டிதான். பண்டிகை, விருந்து என்றால் மூன்று வீட்டுப் பாத்திரமும் ஒரே சமயத்தில் அதற்குள் போகும். எப்படிப் போகும் என்பதற்கு ஒரு முறை இருந்தது. மேல் தட்டில் என் சைவப் பாத்திரம். நடுவில் லாத்தாவுடையது. அடியில் அக்காவின் கோழியோ வாத்தோ. "மேலேருந்து கீழ சொட்டலாம், கீழேருந்து மேல எதுவும் சொட்டாதுல்ல" என்று அக்காவே முதல் நாளே சொல்லிவிட்டாள். அதோடு நிற்கவில்லை. லாத்தாவின் பாத்திரம் உள்ளே போகத் தொடங்கின நாளிலிருந்து அந்தப் பெட்டிக்குள் பன்றி போனதில்லை. அவர்கள் வீட்டில் ஆசையாகச் சாப்பிடுகிற கறி அது. தனி மண்சட்டியில், கொல்லைக் கோடியில் வைத்துச் செய்துகொள்வாள். பெட்டிக்குப் போகிற கோழியை லாத்தா வீட்டு ஆள்தான் பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுப்பார். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை. என் பிறந்த ஊரான அதே குரும்பகரத்தில் இருந்த என் மாமியாருக்கு மட்டும் இந்த மூன்று தட்டுக் கதை கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் என்னை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தியிருப்பார், நல்ல மனுஷிதான், ஆனால் சாத்தியிருப்பார்.

கொடி மாறி, கிறிஸ்துமஸும் போய், புது வருஷம் பிறப்பதற்குள் புதுச்சேரியிலிருந்து அக்காவின் மச்சாண்டார் வருவதாகத் தகவல் வந்தது. புருஷனின் அண்ணன். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவானது, ஆகவே அவர் வார்த்தைதான் வார்த்தை. அவர் கெட்டவர் இல்லை. துரைமார்கள் போகிறார்கள், தம்பியும் இல்லை, இந்த ஊரில் இரண்டு பெண்கள் தனியாக எதற்கு, வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்கிறார். நியாயமாகத்தான் படும். ஆனால் அங்கே அக்காவுக்குக் கிடைக்கப் போவது அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. மெஷினை எங்கே போடுவது, யார் துணி கொடுப்பார்கள்?

"போனா சோறு கெடைக்கும்மா" என்றாள் அக்கா, சுவர்க் கதவில் சாய்ந்துகொண்டு. "ஆனா அவங்க சோறு. தெரேசு அங்க ஓரமா நின்னு வளரும். எனக்கு அது வேணாம். மரியாதையா ஒரு விருந்து வச்சு, நான் நல்லாத்தான் இருக்கேன்னு காட்டி அனுப்பிடணும்."

விருந்து என்றால் அவர்கள் வழக்கத்தில் மேஜை நிறைய வேண்டும், ஒன்றிரண்டாவது அடுப்பில் வெந்து பொன்னிறமாக வர வேண்டும். அக்கா கோழி வைக்கிறாள். வட்டலப்பம் நான் தருகிறேன் என்றார் லாத்தா. முட்டை, தேங்காய்ப் பால், கருப்பட்டி சேர்த்து இறுகவைக்கிற பலகாரம், அவர் கையில் அது அல்வா மாதிரி நிற்கும். நான் என்ன செய்வது? அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த உருளைக்கிழங்குதான், கிராத்தேன் என்பாள், பாலும் வெண்ணெயும் மிளகும் போட்டது. ஈயம் பூசின பித்தளைச் சட்டியில் என் அப்பா பேர் வெட்டியிருக்கும். அதில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றும் முறைப்படி மேல், நடு, கீழ் என்று உள்ளே போயின. அக்கா தணலைப் பக்குவமாகப் பிரித்து வைத்தாள். முதலில் அடியில் அதிகம், கோழிக்கு. போகப் போக மேலே ஏற்றினால் கிழங்கு சிவக்கும். நடுவில் இருக்கிற வட்டலப்பம் மெல்ல இறுகும். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பது எப்போதும் அவள்தான்.

அன்றைக்கு அவளால் உட்கார முடியவில்லை. சாயங்கால பஸ்ஸில் வர வேண்டியவர்கள் மத்தியான பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். மழை வேறு. மச்சாண்டார் கோட்டும் தொப்பியும் நனைந்து, அவர் பெண்டாட்டி ஃபிலோமின் அம்மா முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அக்கா முன்னறையில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்து நடந்ததை நாங்கள் பின்னால் ஒன்றுசேர்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். முதலில் வந்தவர் லாத்தா. ஆள் வந்திருக்கும் சத்தம் கேட்டு, பாவம் ரோசலி அடுப்பைப் பார்க்க முடியாதே என்று தன் கதவு வழியாக எங்கள் கொல்லைக்கும், எங்கள் கதவு வழியாக அங்கேயும் வந்து பெட்டியைத் திறந்தார். மேல் தட்டில் என் கிழங்கு பால் போல வெள்ளையாக இருந்ததாம். 'சின்னப் பொண்ணு, முதல் விருந்துக்குச் செஞ்சிருக்கு, பச்சையாப் போச்சுன்னா அழுவும்' என்று அடியிலிருந்த தணலில் பாதியை அள்ளி மேல் தகட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து நான். குனிந்து பார்த்தால் அடிக்குழி மங்கிக் கிடக்கிறது. விருந்துக்குக் கோழிதானே ராஜா, அது வேகாவிட்டால் அக்காவின் மானம் என்ன ஆவது என்று மேலே இருந்த தணலையெல்லாம் கீழே இறக்கி விசிறியும் விட்டேன். நெருப்பு திகுதிகுவென்று எழுந்தது. எனக்கு ஒரே பெருமை.

பிறகு காபி எடுக்கிற சாக்கில் ஓடிவந்தாள் அக்கா. இத்தனை நெருப்பா, லாத்தாவின் வட்டலப்பம் திரிந்து முட்டைப் பொரியல் ஆகிவிடுமே, ஆசையாக அல்லவா செய்து கொடுத்தாள் என்று பாதித் தணலை வெளியே மணலில் இழுத்துப் போட்டுவிட்டு, சூடு தணியட்டும் என்று கதவையும் சற்றுத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுபடி லாத்தா. மறுபடி நான். மழை பெய்துகொண்டே இருந்தது. ஒருவர் வந்து போனது மற்றவருக்குத் தெரியாது. ஒருத்திகூட தன் பாத்திரத்துக்காகத் தணலை நகர்த்தவில்லை, இதை மட்டும் கவனியுங்கள்.

விளக்கு வைத்ததும் நாங்கள் மூவரும் முதல்முறையாகச் சேர்ந்து பெட்டி முன்னால் நின்றோம். திறந்தாள் அக்கா. என் கிழங்கைக் கரண்டியால் குத்தினால் நறுக்கென்றது. வட்டலப்பம் பாத்திரத்தோடு சேர்ந்து அலையடித்தது.

"நான் மேலதானே ஏத்தினேன்?" என்றார் லாத்தா.

"நீங்களா? நான் கீழ எறக்கினேனே!"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் வெளியவே இழுத்துப் போட்டுட்டேன்டி" என்றாள். சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. உள்ளே மேஜையில் அவர்கள் துண்டை மடியில் விரித்து உட்கார்ந்தாயிற்று. கோழி மட்டும் வெண்ணெய் மினுமினுப்பில் வெந்தது போலிருந்தது. அதையே நம்பித் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். நானும் லாத்தாவும் திரைக்குப் பின்னால் நின்றோம்.

மச்சாண்டார் கத்தியை வைத்தார். தொடை மூட்டில் வெட்டியதும் ரத்தம் கசிந்தது.

தெரேஸ் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கத்தியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். குரலில் கோபம் இல்லை.

"இதுக்குத்தாம்மா சொல்றேன். தையல் பாப்பியா, பிள்ளையப் பாப்பியா, அடுப்பப் பாப்பியா? ஒத்தையா எத்தனைய நீ பாப்ப?"

அக்கா தட்டைப் பார்த்தாள். சாட்சி அதில் கிடக்கிறதே. அப்போது என் தோளுக்குப் பக்கத்திலிருந்து, கதவைத் தட்டுகிற சத்தமில்லை, குரலே வந்தது.

"ஒத்தையாப் பாத்திருந்தா வெந்திருக்கும் அண்ணே. மூணு பேரு பாத்தோம், அதான் வேகல."

நான் திரும்பிப் பார்த்தேன். லாத்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தன் வாயா பேசியது என்று மிரண்டுபோய் நின்றார்.

மச்சாண்டார் திரையைப் பார்த்தார். "யாரது?"

"ஒரு வீடு தள்ளி இருக்கிற லாத்தா" என்றாள் அக்கா. பிறகு, "அதுக்குப் பக்கத்துல நிக்கிறது இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட வீட்டுப் பொண்ணு" என்று என்னையும் மாட்டிவிட்டாள். விஷயத்தையெல்லாம் சொல்லிவிட்டாள், மேலே ஏற்றியது, கீழே இறக்கியது, வெளியே இழுத்தது எல்லாம். சொல்லச் சொல்ல ஃபிலோமின் அம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. கடைசியில் மேஜைத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு முட்டி வலியெல்லாம் மறந்து எழுந்து வந்தார், திரையை விலக்கினார், எங்களைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார்.

"கரி எங்கடி இருக்கு? கொண்டாங்க. மூணும் மறுபடி உள்ள போவட்டும். இனிமே எவளாவது இதத் தொறந்தீங்க, கைய முறிச்சுடுவேன்."

பாத்திரங்கள் உள்ளே போயின. மேல், நடு, கீழ் என்று நாங்கள் வைப்பதை அந்த அம்மாள் ஒரு நிமிஷம் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தி, ஸ்டூலை அதன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மூவரும் அவருக்கு எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தோம். முன்னறையில் மச்சாண்டார் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டு தெரேசிடம் வாய்ப்பாடு கேட்டார். என்னைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு என் வீட்டுக்காரர் குடையோடு வந்தார், அவரை மச்சாண்டார் முன்னறையிலேயே தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். லாத்தா வீட்டிலிருந்து சுக்குக் காபி வந்தது. அன்றைக்கு வெந்த கோழியின் வாசனை மழையில் மூன்று கொல்லைக்கும் போயிற்று. என் கிழங்கு ஓரமெல்லாம் சிவந்து, பால் பிடித்துக் கொஞ்சம் கருகி வந்தது. அந்த வாசனைதான், ஆரம்பத்தில் சொன்னேனே.

மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பும்போது மச்சாண்டார் வீட்டைச் சுற்றி நடந்தார். கூரை பார்த்தார், கிணறு பார்த்தார். கொல்லைச் சுவரின் சின்னக் கதவுக்கு முன்னால் நின்று அதைத் தள்ளிப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இதுக்குத் தாழ்ப்பாளே இல்லியா?"

"இருக்குங்க. துருப்புடிச்சுப் போச்சு, போடுறதில்ல" என்றாள் அக்கா.

அவர் அந்தத் தாழ்ப்பாளை விரலால் ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"சரி, அப்புடியே கெடக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். வீட்டைப் பூட்டுகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. அக்கா அங்கேயே இருந்தாள், தெரேஸ் அந்த வீட்டிலேயே வளர்ந்தது, ஓரமாக நிற்காமல். லாத்தாதான் ரொம்ப நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கு என் வாயி எனக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிடுச்சும்மா, யா அல்லா" என்பார். ஆனால் என் வீட்டுக்காரரிடம் அப்புறமும் பலகையைத் தட்டித்தான் பேசினார்.

பிறகு காலம் தன் வேலையைச் செய்தது. தெரேஸ் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனது, சில வருஷம் கழித்து அம்மாவையும் அழைத்துக்கொண்டது. போகும்போது பெட்டியை என்னிடம் விட்டுப் போனாள் அக்கா. ஒரு மழைக்காலத்தில் அதன் அடித்தகடு பெயர்ந்துவிட்டது, கொஞ்ச நாள் அதில் கோழிகள் முட்டையிட்டன. சைவ வீட்டுக் கொல்லையில் கோழி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அது லாத்தாவின் கோழி. லாத்தாவும் போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் வளைகுடாவில் சம்பாதித்து மாடி எடுத்தபோது கொல்லைச் சுவரும் உயர்ந்தது, புதுச் சுவரில் கதவு வைக்கவில்லை. ரோசலி அக்கா வீட்டை வாங்கியவர்களும் தங்கள் பக்கத்தை அடைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பெட்டி போன பிறகு அந்த வழியாக யார் வரப் போகிறார்கள்?

நெற்றியில் இடித்துக்கொள்வதற்குக்கூட இப்போது எங்கள் கொல்லையில் ஒன்றும் இல்லை.

மருமகளின் அடுப்பு மணியடித்தது. கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். கிழங்கு அழகாக, ஒரே சீராகச் சிவந்திருந்தது. யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை, தானே வெந்துவிட்டது. உள்ளே மூன்று தட்டு இருந்தது. ஒரே ஒரு பாத்திரம், எங்கள் வீட்டுப் பாத்திரம், நடுத்தட்டில் இருந்தது.